நூறு எம்.பி.பி.எஸ். ‘வரை’

எங்கள் வீட்டு இணைய இணைப்புக்கு நான் போடும் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. இணையம் வரும் கண்ணாடி இழையைப் பார்க்க வீட்டுக்கு வந்த தம்பிக்குத் தனியாக மதிப்பெண் போட இடம் இருந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். தொலைபேசியில் பேசியவர்களுக்கும் தனியாகப் போடச் சொன்னால் அந்த எண்ணை எழுதாமல் விடுவதுதான் மரியாதை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மதுரையில் இதே விலைக்கு இதே சேவையை விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பட்டதை எவரிடமும் படலாம்.

முப்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. ஒற்று மிகாத இடத்தில் மிகுந்திருந்தால் எனக்குத் தலை வலிக்கும். அப்படிப்பட்ட நான் பதினெட்டு மாதங்களுக்கு முன் இந்த இணைப்பை வாங்கியபோது விளம்பர அட்டையில் இருந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டேன். ‘100 எம்.பி.பி.எஸ்.’ என்ற இணைய வேகம் கட்டைவிரல் பருமனில் இருந்தது. அதன் பக்கத்தில் ‘வரை’ என்பது எறும்பு ஊர்வதைப் போல ஓடியது. மாதம் 600 ரூபாய், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 708. நூறுக்கும் வரைக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறேன்.

முதல் ஓராண்டு குறையில்லை. தை பிறந்த பிறகுதான் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். மகள் பிரசவத்துக்கு வந்தாள். முன்னறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு என் மேசையையும் கணினியையும் மச்சுக்கு ஏற்றினேன். எங்கள் வீடு சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்கூடம், முற்றம், பின்கட்டு என்று ரயில் பெட்டி போலப் போகும். சுண்ணாம்புக் காரை பூசிய சுவர்கள் ஒன்றேகால் அடி கனம். வெயிலை உள்ளே விடாது. வேறு எதையெல்லாம் விடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாசியில் ஒரு பதிப்பகத்திலிருந்து 412 பக்கப் பழைய நூல் ஒன்றை வருடி (ஸ்கேன் செய்து) அனுப்பியிருந்தார்கள். கோப்பின் அளவு 640 எம்.பி. நான் போட்ட கணக்கு இது: நொடிக்கு நூறு என்றால் ஆறரை நொடியில் இறங்கிவிட வேண்டும். இருபத்தொரு நிமிடம் ஆயிற்று. ஆறரை நொடி வேலைக்கு இருபத்தொரு நிமிடமா என்று வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

அந்தச் சத்தத்தில் முக்கால் பங்குதான் நியாயம், கால் பங்கு என் அறியாமை. இணைப்பின் வேகத்தைச் சொல்லும் ‘பி’ சிறிய எழுத்து, அது பிட். கோப்பின் அளவைச் சொல்லும் ‘பி’ பெரிய எழுத்து, அது பைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 100 எம்.பி.பி.எஸ். என்றால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். முழு வேகம் கிடைத்திருந்தாலும் அந்தக் கோப்பு இறங்க 51 நொடி பிடித்திருக்கும். தமிழில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இல்லாததால் இரண்டையும் ‘எம்.பி.’ என்று ஒரே மாதிரி எழுதிவிட்டுப் போகிறோம். மெய்ப்புத் திருத்துபவன் இதில் விழுந்தது எனக்கே வெட்கம். ஆனால் 51 நொடி எங்கே, 21 நிமிடம் எங்கே? கணக்கைத் திருப்பிப் போட்டால் எனக்குக் கிடைத்தது நொடிக்கு 4 மெகாபிட்.

2006இல் முதன்முதலாக வீட்டுக்கு பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் இணைய இணைப்பு வாங்கியபோது வேகம் நொடிக்கு 256 கிலோபிட். அரசின் 2004ஆம் ஆண்டுக் கொள்கையில் பிராட்பேண்ட் என்று பெயர் வாங்க அதுவே போதும். 2013இல் அதை 512 ஆக்கினார்கள், 2023இல் 2 மெகாபிட் ஆக்கினார்கள். அந்த வரையறைப்படி என் 4 மெகாபிட்டும் சாட்சாத் பிராட்பேண்ட்தான். நல்லவேளை, வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர்களுக்கு இது தெரியவில்லை. தெரிந்திருந்தால் வாழ்த்துச் சொல்லி வைத்திருப்பார்கள்.

அவர்கள் சொன்னது வேறு. “ரவுட்டரை அணைத்துவிட்டு முப்பது நொடி கழித்துப் போடுங்கள், சார்.” போட்டேன். மறுநாளும் அதையே சொன்னார்கள், போட்டேன். மூன்றாம் நாள் நான் அணைத்துக்கொண்டிருக்கும்போதே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. நான்காவது அழைப்பில் ஒரு பெண் மிக இனிமையாக, “நீங்கள் 200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாமே” என்றார். வாங்கிய சட்டை இறுக்குகிறது என்று கடைக்குப் போனால், இதே சட்டையில் இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்பதைப் போல. பின்னால் பார்த்தேன்: அவர்கள் கொடுத்த பெட்டியில் என் கம்பி செருகியிருந்த துளை நூறுக்கு மேல் போகவே போகாத வகை. 200க்கு மாறியிருந்தால் பணம்தான் இரட்டித்திருக்கும்.

“மாதத்துக்கு உள்ள அளவைத் தீர்த்துவிட்டோமோ?” என்று மனைவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். ‘வரம்பற்ற’ என்று போட்டிருந்தாலும் என் திட்டத்துக்கு மாதம் 3,300 ஜி.பி. என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். (வரம்பற்றதற்கு வரம்பு! இதை எழுதியவர் என்னிடம் மெய்ப்புக்கு அனுப்பியிருக்க வேண்டும்.) செயலியில் பார்த்தேன். நாங்கள் செலவழித்திருந்தது 214. அது காரணமில்லை.

மைத்துனர் மகன் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கிறான். அவன்தான் வழி சொன்னான். “மாமா, காற்றில் அளந்துவிட்டுக் கம்பெனியைத் திட்டாதீர்கள். மடிக்கணினியைக் கீழே கொண்டுபோய், வைஃபையை அணைத்துவிட்டு, கம்பியை நேராக ரவுட்டரில் செருகி அளந்து பாருங்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்பதரைக்கு ஒன்று. ஒரு வாரம் எழுதி வையுங்கள். அப்புறம் யாரைத் திட்டலாம் என்று பார்ப்போம்.”

எழுதி வைக்கச் சொன்னால் நான் விடுவேனா? ரூல் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து நான்கு கட்டம் போட்டேன். ஒரு வாரத்தில் கிடைத்தவற்றின் சாரம் இதுதான். கீழே கம்பியில், காலை ஆறு மணிக்கு 55க்கும் 70க்கும் இடையே ஊசலாடியது, நடுநடுவே ஓரிரு நொடி அறுந்தது. இரவு ஒன்பதரைக்கு அதே கம்பியில் 18. ரவுட்டருக்கு எதிரே நின்று கைப்பேசியில் பார்த்தால் காலையில் 34. மச்சில் எந்த நேரமும் 3, 4. அதுவரை ஒரு நோய் என்று நினைத்திருந்தேன். நோட்டைப் பார்த்த பிறகு மூன்று என்று புரிந்தது: காலையிலேயே குறைவது ஒன்று, இரவில் விழுவது ஒன்று, மச்சுக்கு ஏறாதது ஒன்று.

இந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் ஆள் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் கறுப்புப் பை, இடுப்பில் இழை வெட்டும் கத்தரி. செருப்பைத் திண்ணையில் கழற்றிவிட்டு உள்ளே வந்து நோட்டை வாங்கி இரண்டு பக்கம் நிதானமாகப் படித்தார். பதினெட்டு மாதத்தில் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் நான் சொன்னதை முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“மழை பெய்தால் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா, சார்?” என்று கேட்டார். மினுக்குகிறது. “வெள்ளையடித்தது எப்போது?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோசியர் கேட்பதைப் போல இருந்தது. அவர் சன்னலைக் காட்டினார். இழை வெளியிலிருந்து சன்னல் கம்பி வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. வெள்ளையடித்தவர்கள் அதை அவிழ்த்து, வேலை முடிந்ததும் ஓர் ஆணியில் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கி இறுக்கியிருந்தார்கள். கொடியில் துணி காயப்போட அதுபோதும். ஆனால் இது கண்ணாடி இழை. உள்ளே ஓடுவது ஒளி. விரல் தடிமனுக்கு மடக்கினால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும்.

பையிலிருந்து ஒளியின் பலத்தை அளக்கும் கையடக்கமான மீட்டர் ஒன்றை எடுத்தார். இழையின் பச்சை முனையைப் பெட்டியிலிருந்து உருவி, ஒரு சிறு துணியில் அதன் நுனியைத் துடைத்து, மீட்டரில் செருகினார். திரையில் மைனஸ் 27.4 என்று வந்தது. மைனஸ் 27க்குக் கீழே போனால் இந்தப் பெட்டிக்குக் கண் தெரியாது என்றார். கட்டுக்கம்பியை மெல்ல அவிழ்த்தார். இழை சுருண்ட பாம்பு போல ஒருமுறை நெளிந்து நிமிர்ந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுற்றி, பிளாஸ்டிக் பட்டையால் தளர்வாகக் கட்டினார். மறுபடி அளந்தபோது மைனஸ் 20.8. ஏதோ ஏழு குறைந்ததைப் போலத்தான் எனக்குத் தெரிந்தது. இந்தக் கணக்கில் மூன்று குறைந்தால் ஒளி இரண்டு மடங்கு ஆகிறது. ஆறரைக்கு நாலரை மடங்கு. பெட்டியைப் போட்டு, மடிக்கணினியில் பார்த்தோம். 94. நூறு மெகாபிட் துளையில் இதற்கு மேல் வராது, மிச்சம் அஞ்சல் உறையின் எடை போல உறைக்கே போய்விடும்.

ஆக முதல் நோய் எங்கள் வீட்டு ஆணியில் இருந்தது. இதற்கு நிறுவனத்திடம் மதிப்பெண் குறைக்க முடியாது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க இரண்டே கேள்வி போதும் என்றால், அந்த இரண்டு கேள்வியைத் தொலைபேசியில் கேட்க ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பதற்குக் குறைக்கலாம். குறைத்திருக்கிறேன்.

அடுத்து ரவுட்டர். அது இருந்த இடத்தைப் பார்த்துத் தம்பி சிரித்துவிட்டார். இழை நுழைகிற மூலையிலேயே, மாமனார் கொடுத்த இரும்பு பீரோவுக்குப் பின்னால், பரணுக்குக் கீழே. போதாதற்குத் தூசி படக்கூடாது என்று மனைவி அதன்மேல் கையால் பின்னிய பூத்துணி ஒன்றைப் போர்த்தியிருந்தாள். துணி அலையைத் தடுக்காது, ஆனால் பெட்டி சூடாகும். பீரோதான் வில்லன். இரும்பு அலையை அப்படியே திருப்பியடிக்கும், கதவில் பதித்த ஆளுயரக் கண்ணாடியின் ரசப்பூச்சும் அதையேதான் செய்யும்.

பெட்டி இரண்டு அலைவரிசைகளில் பேசும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஓரளவு சுவரும் தாண்டும், ஆனால் சந்தைக்கடை. தம்பி தன் கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து காட்டினார். எங்கள் கூடத்தில் நின்றபடி எங்களுடையதோடு சேர்த்து அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் இருபத்துமூன்று தெரிந்தன. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். இருபத்துமூன்று வீட்டில் பதினான்கு பேர் 6இல் உட்கார்ந்திருந்தார்கள், நாங்கள் உட்பட. எங்களை 11க்கு மாற்றினார். 5 கிகாஹெர்ட்ஸில் கூட்டமே இல்லை, வேகமும் அதிகம். அதற்கு ஒரே குறை, எங்கள் வீட்டுச் சுவரைப் போன்ற ஒன்று எதிரே வந்தால் முட்டிக்கொண்டு நின்றுவிடும். பெட்டியை பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து முற்றத்தை நோக்கிய தூணில் மாட்டினார். கீழே எந்த மூலையிலும் 80க்கு மேல் வந்தது. மச்சில் 9.

“இதற்கு மேல் காற்றில் ஏற்ற முடியாது, சார். கம்பி இழுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் செய்யச் சொன்னால் அதிகம் கேட்பார்கள், நீங்களே செய்யலாம்” என்றார். தன் நிறுவனத்துக்கு வரவேண்டிய பணத்தை இப்படி வேண்டாம் என்று சொன்ன ஆள். மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நான் நீட்டிய நூறு ரூபாயைத் தொடாமல் போனார்.

டவுன்ஹால் ரோட்டில் கடைக்காரர் முதலில், வைஃபையை வாங்கி அப்பால் அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஒன்றை எடுத்து வைத்தார். சுவரில் செருகினால் போதும், கம்பியே வேண்டாம் என்றார். மைத்துனர் மகன் முன்பே எச்சரித்திருந்தான். மலிவான எக்ஸ்டெண்டருக்கு வாய் ஒன்றுதான். கீழிருந்து கேட்பதும் மேலே சொல்வதும் அதே வாயால் மாறி மாறி நடப்பதால் வேகம் பாதியாகிவிடும். நல்ல சமிக்ஞை கிடைக்கிற இடத்தில் அதை வைக்க வேண்டும், எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் முற்றத்தின் நடுவில் துளசி மாடத்தின்மேல்தான் இருக்கிறது.

கம்பி வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு சுருள்களை எடுத்துப் போட்டார்கள், இரண்டிலும் ‘கேட் 6’ என்ற தரக்குறிதான் அச்சிட்டிருந்தது, விலையில் மட்டும் பாதிக்குப் பாதி வித்தியாசம். நகவெட்டியால் மலிவான சுருளின் நுனியைச் சுரண்டிப் பார்த்தேன். செம்பு நிறம் தோலாகப் போய் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. கவரிங் நகை. மற்றதைச் சுரண்டினால் உள்ளேயும் செம்பு. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை நான் பதிப்பகத்தில் அச்சுப்பிழை காட்டும்போது கிடைக்கிற அதே பார்வை. முழுச் செம்பில் முப்பது மீட்டர், இரு முனையும் பொருத்தி 840 ரூபாய். இரண்டு அலைவரிசையும் உள்ள சிறிய ரவுட்டர் 1,650.

கம்பியை முற்றத்து ஓரமாக ஏற்றி, மச்சில் அந்தச் சிறிய ரவுட்டரை வைத்தேன். அதில் முகவரி வழங்கும் வேலையை, அதாவது டி.எச்.சி.பி.யை, அணைத்துவிட வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பேர் முகவரி எழுதிக் கொடுத்தால் தபால் எங்கே போகும்? இதை நான் முதல் நாள் மறந்துவிட்டு அரை நாள் விழித்தேன். சரிசெய்த பிறகு மச்சில் கம்பியில் 94, வைஃபையில் 86. அதே 640 எம்.பி. கோப்பை மறுபடி இறக்கிப் பார்த்தேன், வீம்புக்கு. 57 நொடி.

மிச்சம் இருந்தது இரவு. இதுதான் நிறுவனத்தின் பங்கு, ஒரு நட்சத்திரத்தைத் தின்றதும் இதுதான். மாப்பிள்ளை தோஹாவில் இருக்கிறார். வேலை முடிந்து, நம் நேரம் ஒன்பதரைக்குக் கூப்பிடுவார். குழந்தையைக் காட்டினால் அவர் திரையில் அது வாயைத் திறந்தபடி உறைந்து நிற்குமாம், அழுகிறதா கொட்டாவி விடுகிறதா என்று தெரியாது. இழை நிமிர்ந்த பிறகும், கம்பியிலேயே, இரவில் 21தான் வந்தது.

ஊக்லா ஸ்பீட்டெஸ்ட் என்னும் வேகம் அளக்கும் செயலியில் அளந்தால் மட்டும் அந்நேரத்திலும் 91 காட்டியது. அந்தப் புதிரையும் மைத்துனர் மகனே அவிழ்த்தான். அந்தச் செயலி பக்கத்தில் இருக்கிற சர்வரைத் தானாகத் தேர்ந்தெடுக்கும். அது பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த சர்வராகவே இருக்கும். வீட்டிலிருந்து தெருமுனை வரை சாலை காலியாக இருக்கிறது என்று அது சொல்கிறது. ஊருக்கு வெளியே போகும் பாலத்தில் நெரிசல் இருந்தால் அதற்குத் தெரியாது. பட்டியலில் மும்பை சர்வர் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்தேன். 21. நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட்.காம் தளத்தில் பார்த்தேன். 23. தெருப்பெட்டியில் ஓர் இழையை 32 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று தம்பி சொல்லியிருந்தார். அந்த இழையின் மொத்த வேகமே நொடிக்கு ஏறத்தாழ இரண்டரை கிகாபிட். எல்லோரும் ஒரே நொடியில் இழுத்தாலும் ஆளுக்கு எழுபத்தெட்டு வர வேண்டும். ஆக, அடைப்பு தெருவில் இல்லை. அதற்கு அப்பால், நிறுவனம் வெளியுலகத்துக்கு வாங்கி வைத்திருக்கும் வழியில்தான்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பதினோரு இரவுகளின் பட்டியலோடு புகார் கொடுத்தேன். புகார் எண்ணைக் கேட்டு வாங்கினேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் போட்ட விதிகளின்படி அந்த எண்ணைத் தர வேண்டியது அவர்கள் கடமை, தீராவிட்டால் நிறுவனத்திலேயே முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். வழக்கம்போல் இரண்டே நாளில் ‘தீர்க்கப்பட்டது’. அதிகாரிக்கு எழுதினேன். ‘தீர்க்கப்பட்டது என்னும் சொல்லுக்கு நான் அறிந்த பொருள் வேறு’ என்று முதல் வரி எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு எண்களை மட்டும் அனுப்பினேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல திருத்தங்களில் அதுவும் ஒன்று.

மூன்று வாரம் எந்தப் பதிலும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, பழக்கதோஷத்தில் அளந்தபோது மும்பைக்கு 78 காட்டியது. மறுநாள் 81. என்ன செய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கிரிக்கெட் இருக்கிற இரவுகளில் இப்போதும் 50க்கு இறங்குகிறது. மாப்பிள்ளை பேத்தி கொட்டாவி விடுவதைப் பார்க்க அது தாராளம்.

ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று வாராவாரம் செய்தி அனுப்புகிறார்கள். அதில் ‘இலவசம்’ பெரிய எழுத்திலும் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ சிறிய எழுத்திலும் இருக்கிறது. மாதாமாதம் 708 கட்டிக்கொண்டிருக்கிறேன். நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் மிச்சம்.